வாயைக் கட்டச் சொன்னேன்

சர்க்கரை வைத்தியத்தில் டாக்டருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. சுகர் இறங்கினால் மாத்திரை கேட்டது என்று பெயர். இறங்கவில்லை என்றால் நோயாளி வாயைக் கட்டவில்லை என்று பெயர். எப்படிப் போனாலும் டாக்டர் தலையில் விடியாது. இந்தச் சௌகரியத்தை நான் பல வருடம் கூச்சமில்லாமல் அனுபவித்தவன்.

தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் கிளினிக். எம்.டி. பொது மருத்துவம். சாயங்காலம் டோக்கன் கொடுக்க ஆரம்பித்தால் ராத்திரி பத்தரை வரை ஓடும். வருகிறவர்களில் பாதிப் பேர் சுகர்காரர்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த மூன்று நிமிடத்தில் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும், பி.பி. பார்க்க வேண்டும், சீட்டு எழுத வேண்டும். மிச்சமிருக்கும் நேரத்தில் திட்ட வேண்டும். திட்டுவதையும் வைத்தியத்தில் ஒரு பங்காகவே நினைத்திருந்தேன். "டாக்டர் கண்டிப்பானவர்" என்று ஊரில் சொல்வார்கள். அது காதில் விழும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அம்மா சத்துணவு அமைப்பாளர். முதலில் வந்தபோது வயது 41, எடை 46 கிலோ. ஒரே மாதத்தில் மெலிந்துபோய், ராத்திரி நாலு தடவை ஒன்றுக்கு எழுந்து, தாகம் தாங்காமல் வந்தார். மூன்று மாதச் சராசரி 8.6. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். அக்காவுக்கு வெண்புள்ளி இருந்ததைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். காரணம், நான் கேட்கவில்லை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எழுதினேன். ஆறு மாதத்தில் 7க்கு வந்தது. "பாத்தீங்களா, வாயைக் கட்டினா எப்படி இறங்குதுன்னு" என்றேன். அவரும் சிரித்தார்.

ஒரு வருடம் கழித்து 8.9. கிளிமிபிரைடைக் கூட்டினேன். அடுத்து 9.4. இன்னொரு மாத்திரை சேர்த்தேன். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. "உப்புப் பாக்கிறேன்னு சத்துணவுல ஒரு தட்டு உள்ள போயிருக்கும்ல?" பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் சிரித்தார், அடுத்த டோக்கன்காரரும் சிரித்தார். அந்த அம்மா, "இல்ல சார், நான் வீட்டுச் சாப்பாடு மட்டுந்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். தினமும் தின்றதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். காலை இட்லி 3, சட்னி. மதியம் ஒரு கப் சோறு, கீரை, ரசம். நோட்டு விரித்தபடி மேஜையில் கிடந்தது. "நோட்டுல எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு சீட்டை எழுதினேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாவுக்கு உண்மையில் இருந்த நோய் எனக்குத் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது. லாடா என்பது எம்.டி. பரீட்சையில் நான் எழுதி மார்க் வாங்கிய கேள்வி. பெரியவர்களுக்கு வருகிற, மெதுவாக நகர்கிற, உடம்பே கணையத்தின் பீட்டா செல்களைத் தாக்கி அழிக்கிற நீரிழிவு. டைப் 1, டைப் 2 இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் சிலர் "டைப் ஒன்றரை" என்பார்கள். இதன் சரித்திரத்தைக்கூட ஒப்பித்திருக்கிறேன். 1974இல் லண்டனில் பொட்டாசோவும் டோனியாக்கும் கணையத் திட்டுகளைத் தாக்கும் ஆன்டிபாடியைக் கண்டார்கள். 1986இல் பின்லாந்தில் லீஃப் குரூப், டைப் 2 என்று பெயர் எழுதப்பட்ட நடுவயதுக்காரர்கள் சிலரிடமும் அது இருக்கிறது, அவர்களுக்கு மாத்திரை சீக்கிரம் கேட்காமல் போகிறது என்று காட்டினார். உடம்பு விறைத்துப்போகும் ஓர் அபூர்வ நரம்பு நோயை ஆராய்ந்தவர்கள் 1988இல் காட் (ஜி.ஏ.டி.) என்ற என்சைமுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டார்கள். 1990இல், சர்க்கரை நோயில் அதுவரை பெயர் தெரியாமல் இருந்த இலக்கும் அதே காட்தான் என்று தெரிந்தது. மூளையிலும் கணையத்திலும் ஒரே என்சைம்! 1993இல் டுவோமி, குரூப், சிம்மெட் ஆகியோர் காட் ஆன்டிபாடியை வைத்து இந்த நோய்க்கு லாடா என்ற அடையாளத்தைக் கொடுத்தார்கள். வைவாவில் இதையெல்லாம் மடமடவென்று சொல்லி எக்ஸாமினரிடம் தலையாட்டல் வாங்கினேன். பரீட்சையில் தெரிந்தது கிளினிக்கில் ஏன் தெரியவில்லை? எனக்குக் கிடைக்கும் ஒரே பதில் இதுதான்: நோயாளி பொய் சொல்கிறார் என்று நினைப்பது, நாம் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று நினைப்பதைவிடச் சுலபம். அதற்கு மூன்று நிமிடமே அதிகம்.

இன்னொரு சாக்கும் என்னிடம் இருந்தது. அது முழுப் பொய்யும் இல்லை. மேல்நாட்டுப் புத்தகத்தில் ஒல்லியான ஆளுக்குச் சர்க்கரை வந்தால் உடனே சந்தேகப்படு என்று இருக்கும். நம் ஊரில் ஒல்லியான ஆளுக்கும் அசல் டைப் 2 வரும். புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் லான்செட்டில் தங்கள் இருவர் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்த்தால் மெலிவு, உள்ளே கொழுப்பு, அதனால் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். அதாவது இன்சுலின் இருக்கிறது, உடம்பு அதற்குப் பணிவதில்லை. "நம்ம ஊர் ஒல்லி வேற" என்பதை நான் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த அம்மாவிடம் ரெசிஸ்டன்ஸுக்கான அடையாளம் ஒன்றாவது இருந்ததா? கழுத்தில் கறுப்பு இல்லை. தொப்பை இல்லை. பி.பி. 110க்கு 70. டிரைகிளிசரைடு 82, நல்ல கொழுப்பு 56. இந்த எண்கள் என் கையெழுத்திலேயே ஃபைலில் இருக்கின்றன. 2006இல் மெல்போர்ன் மருத்துவர்கள் ஐந்து கேள்வி கொண்ட எளிய கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். 50 வயதுக்குள் தொடக்கமா, தாகம் எடை இறக்கம் என்று அறிகுறியோடு வந்ததா, பி.எம்.ஐ. 25க்குக் கீழா, நோயாளிக்கு உடம்பே உடம்பைத் தாக்கும் வேறு நோய் உண்டா, குடும்பத்தில் உண்டா. இரண்டு இருந்தாலே காட் டெஸ்ட் செய்து பார் என்பது அதன் சாரம். அவருக்கு ஐந்தில் ஐந்தும் இருந்தன. தைராய்டு மாத்திரையை ஒவ்வொரு தடவையும் "ரிப்பீட்" என்று எழுதிக் கொடுத்தவனும் நானே.

அடுத்துச் செய்தது இதைவிட மோசம். 2020 கடைசியில் டாபாக்ளிஃப்ளோசினுக்குப் பேட்டன்ட் முடிந்து, ஆளாளுக்கு ஒரு பிராண்டைக் கொண்டுவந்தார்கள். விலை விழுந்தது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையைத் தள்ளும் மாத்திரை அது. எடையைக் குறைக்கும், இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது. தகுந்த ஆளுக்கு அருமையான மருந்து. அந்த அம்மாவுக்கும் எழுதினேன். அடுத்த முறை 46 கிலோ 41 ஆகியிருந்தது. "வெயிட் நல்லா குறைஞ்சிருக்கு, அப்படியே பிடிச்சுக்கோங்க" என்றேன். குறைவதற்கு அவரிடம் வெயிட் எங்கே இருந்தது?

ஒரு நாள் மதியம் வாந்தி என்று வந்தார். வயிற்று வலி, நடக்கவே தள்ளாட்டம். மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கியது. அதைப் பார்த்தேன். பயத்தில் வாங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன். குளுக்கோமீட்டரில் 212. அவருக்கு அது சாதாரணம் என்பதால் சுகரை விட்டுவிட்டேன். கேஸ்ட்ரைட்டிஸ் என்று எழுதி, வாந்தி நிற்க ஓர் ஊசி, அமிலத்துக்கு ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினேன். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை என் மேஜை டிராயரிலேயே இருந்தது. தொட்டு எடுத்தால் ஒரு நிமிட வேலை.

ராத்திரி நினைவு தப்பும் நிலையில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ரத்தத்தின் பி.ஹெச். 7.08, கீட்டோன் நான்கு பிளஸ். அங்கிருந்த பி.ஜி. டாக்டர் பெண் எனக்குப் போன் செய்தாள். "சார், இவங்க டாபா எடுக்கிறாங்களா?" மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. இன்சுலின் வற்றிப்போன உடம்புக்கு அந்த மாத்திரை கொடுத்தால் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிக்கொண்டே இருக்கும். மீட்டர் சாந்தமாகக் காட்டும். உள்ளே இன்சுலின் இல்லாமல் கொழுப்பு உருகிக் கீட்டோனாகி ரத்தம் புளித்துக்கொண்டிருக்கும். சர்க்கரை ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் வரலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2015லேயே எச்சரித்திருந்தது. அதையும் நான் படித்திருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து, சுகர் அடங்கிய பிறகு, மதுரையில் லேப் ரிப்போர்ட் வந்தது. காட் ஆன்டிபாடி 5க்கு மேல் போனாலே பாசிட்டிவ். இவருக்கு மெஷினின் மேல் எல்லையைத் தாண்டி, 2000க்கு மேல். கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் 0.4. அனேகமாக ஒன்றுமில்லை.

இதற்குப் பின் நடந்ததைத்தான் இன்னும் தயக்கத்தோடு எழுதுகிறேன். டிஸ்சார்ஜ் ஆகி வந்தவரிடம் நான் சொன்னது: "உங்க சுகரு டைப் மாறிருச்சும்மா. சில பேருக்கு அப்படி ஆகும். இனிமே இன்சுலின்தான்." டைப் மாறவில்லை. முதல் நாளிலிருந்து அது அதுவாகவேதான் இருந்தது. கிளிமிபிரைடு போல வற்றும் கணையத்தைப் பிழிந்து சுரக்க வைக்கும் மாத்திரை இந்த நோய்க்கு ஆகாது, சீக்கிரமே இன்சுலின் கொடுத்தால் மிச்சமிருக்கும் சுரப்பைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்று ஜப்பானில் செய்த ஆய்வு 2008லேயே சொல்லிவிட்டது. நான் பிழிந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "மாறிருச்சு" என்றால் குற்றவாளி கிடையாது.

அடி வாங்கியவன் திருந்தினான் என்று இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். நான் திருந்தவில்லை, மறுபக்கம் சாய்ந்தேன். ஆன்டிபாடி மேல் அப்படி ஒரு பக்தி வந்துவிட்டது. மாத்திரை கேட்காதவர் யார் வந்தாலும் காட் எழுதினேன். டெஸ்ட் விலை கொஞ்சநஞ்சமல்ல. 100க்கு 99 சரியாகச் சொல்லும் டெஸ்டாகவே இருக்கட்டும். நோயே இல்லாத 1000 பேருக்கு அதைச் செய்தால் 10 பேருக்காவது "இருக்கிறது" என்று வரும். பெரும்பாலும் கோட்டுக்குச் சற்று மேலே, கொசுறாக வரும். இந்தக் கணக்கு பள்ளிக்கூடப் பையனுக்குப் புரியும்.

அப்படிச் சிக்கியவர் ஒரு லாரி முதலாளி. 38 வயது, 92 கிலோ, கழுத்தில் வெல்வெட் மாதிரிக் கறுப்பு, தொப்பை, பி.பி., ஈரலில் கொழுப்பு. மாத்திரைகளை மீறி சுகர் ஏறியது. காட் டெஸ்டில் 9 வந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. "உங்களுக்கு லாடா. மாத்திரையெல்லாம் வேஸ்ட். இன்னையிலேர்ந்து ஆயுசுக்கும் ஊசி" என்று மெட்ஃபார்மினையும் சேர்த்து நிறுத்தினேன். 20 யூனிட்டில் தொடங்கியது 40 ஆச்சு, 64 ஆச்சு. சுகர் இறங்கவில்லை, எடை 99 ஆனது. ஒரு விடியற்காலை டிரைவருக்குப் பதில் தானே வண்டி எடுத்துப் போனவர், சாப்பாடு தள்ளிப்போய் சுகர் இறங்கி, டோல்கேட் பக்கத்தில் மயங்கிவிட்டார். வண்டி நின்றுகொண்டிருந்ததால் தப்பினார்.

ஏன் இறங்கவில்லை? சர்க்கரை ஏறுவதற்கு இரண்டு வழி. கிணறு வற்றலாம், வாய்க்கால் தூர்ந்துபோகலாம். வயல் காய்வது என்னவோ ஒன்றுதான். அந்த அம்மாவுக்குக் கிணறு வற்றியது. இவருக்கு வாய்க்கால் தூர்ந்திருந்தது, நான் கிணற்றில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். சர்க்கரைக்காரர்களில் இன்சுலினுக்குப் பணிகிற உடம்பு ஒன்று, பணியாத உடம்பு ஒன்று என்று ஹிம்ஸ்வொர்த் லண்டனில் எழுதியது 1936இல். அதை அளக்கும் ஹோமா கணக்கு ஆக்ஸ்ஃபோர்டில் வந்தது 1985இல். வெறும் வயிற்று இன்சுலினை வெறும் வயிற்றுச் சர்க்கரையால் பெருக்கி 405ஆல் வகுத்தால் போதும். அவர் கொண்டுவந்த மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் ஊசி தொடங்குவதற்கு முந்தைய எண்கள் இருந்தன. இன்சுலின் 24, சர்க்கரை 178. வகுத்தால் பத்தரை. இரண்டரையைத் தாண்டினாலே ரெசிஸ்டன்ஸ் என்பார்கள். நான் வகுக்கவே இல்லை. ஊசி தொடங்கிய பிறகு அந்தக் கணக்கு உதவாது, ஊசி மருந்தும் சேர்ந்து அளவில் வந்துவிடும்.

மதுரையில் ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் அவரே போய்விட்டார். சி-பெப்டைட் 3.6. கணையம் தாராளமாகச் சுரக்கிறது. மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்கி ஊசியைக் கால்வாசிக்குக் கொண்டுவந்திருக்கிறார் அந்த டாக்டர். எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரிகூடக் கடுமை இல்லை. அது இன்னும் சுட்டது.

அதன் பிறகுதான் ஆன்டிபாடியின் அளவு என்கிற விஷயத்தை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்குகிற சங்கதி இல்லை அது. 2007இல் இத்தாலியில் நிராட் என்ற ஆய்வு வெளியானது. காட் பாசிட்டிவ் ஆனவர்களின் அளவுகளை வரைபடமாகப் போட்டால் ஒட்டகத் திமில் இரண்டு போல எழும்பியது. அளவு மிக அதிகமான கூட்டம் ஒல்லியானது, இன்சுலின் குறைந்தது, டைப் 1 பக்கம் சாய்ந்தது. அளவு குறைந்த கூட்டம் எடை, பி.பி., கொழுப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய டைப் 2. ஸ்வீடன், நார்வே தகவல்கள் இன்னொன்றும் சொல்கின்றன. அதிக எடை லாடாவுக்கும் ஒரு காரணம்தான், ஆன்டிபாடி குறைவாக உள்ள வகையில் அது கூடுதலாகத் தெரிகிறது. ஆக ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம், கொஞ்சம் தாக்குதலும் நிறைய ரெசிஸ்டன்ஸும். எது எவ்வளவு என்பதைக் காட் ரிப்போர்ட் மட்டும் சொல்லாது. அதனால்தான் 2020இல் சர்வதேச நிபுணர்கள் கூடி எழுதிய வழிகாட்டுதல், ஆன்டிபாடி இருப்பவர்களுக்கு சி-பெப்டைடைப் பார்த்து மருந்தை முடிவு செய்யச் சொல்கிறது. நம் லேப் கணக்கில் சுமார் 0.9க்குக் கீழே என்றால் இன்சுலின்தான். 2.1க்கு மேல் என்றால் டைப் 2 போலவே பார், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார். நடுவில் இருப்பவர்களுக்கு ஆளைப் பார்த்துச் செய்.

அதற்காக ஆன்டிபாடியைத் தூக்கி எறிய முடியாது. பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் டைப் 2 என்று சேர்க்கப்பட்ட 3672 பேரைப் பார்த்தபோது பத்தில் ஒருவருக்குக் காட் ஆன்டிபாடி இருந்தது. 35 வயதுக்குக் கீழே இருந்தவர்களை எடுத்துக்கொண்டால், அந்த ஆன்டிபாடி இருந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு வருடத்துக்குள் இன்சுலின் தேவைப்பட்டது, இல்லாதவர்களில் 14 சதவீதம் பேருக்கு. அந்த 1997ஆம் வருடத்துக் கட்டுரையின் ஜெராக்ஸ் என் அலமாரியில் மஞ்சள் கோடு போட்டபடி இருக்கிறது.

சத்துணவு அம்மா என்னிடமே தொடர்ந்து வந்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் மதுரை லேப் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, "சார், இந்த ஜி.ஏ.டி.ங்கிறத எங்க ஸ்கூல் சயின்ஸ் டீச்சர்கிட்டக் கேட்டேன். இது டைப் மாறினது இல்லையாமே. மொதல்லயே இருந்திருக்கும்ங்கிறாங்க" என்றார். வெளியே டோக்கன் நின்றது. கம்பவுண்டரை வெளியே போகச் சொல்லிவிட்டு, "ஆமாம்மா. நான் பார்க்காம விட்டுட்டேன். மாறிருச்சுன்னு சொன்னதும் பொய்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை அவர். பிறகு கேட்டது: "அப்ப நான் சாப்பாட்டுல ஒண்ணும் தப்பு பண்ணலைல்ல சார்?"

இல்லை என்றேன். மூன்று வருடமாக அவர் வீட்டில் பண்டிகைக்குக்கூட ஒரு துண்டு அதிரசம் வாயில் வைத்ததில்லை, சுகர் ஏறும்போதெல்லாம் சோற்றைக் குறைத்துக் குறைத்து ஒரு கரண்டியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். மாமியார், நாத்தனார் எல்லோரும் "டாக்டரே சொல்லிட்டாரு, இவ திருட்டுத்தனமா திங்கிறா" என்று பேசியதை அன்றைக்குத்தான் சொன்னார். என் கிளினிக் ஜோக் அவர் வீட்டுக்குள் தீர்ப்பாகப் போயிருக்கிறது. மகளுக்கு வருமா என்று கேட்டார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு கூடுதல், இப்போது டெஸ்ட் எதுவும் தேவையில்லை, தாகம், எடை இறக்கம் என்று வந்தால் தள்ளிப்போடாமல் கூட்டி வாருங்கள் என்றேன். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிடச் சொன்னார். மாமியாரிடம் நானே பேசட்டுமா என்று கேட்டேன். "பேசுங்க சார்" என்று உடனே போனை எடுத்துக் கொடுத்தார். பேசினேன். அந்தம்மாவுக்குக் காட் என்றால் என்ன என்று புரியவில்லை. "உங்க மருமக மேல தப்பில்ல, என் மேலதான் தப்பு" என்பது புரிந்தது.

லாரி முதலாளியிடம் இன்னும் இப்படிப் பேசவில்லை. ஒரு கல்யாணத்தில் பந்தியில் பார்த்தேன். ஆள் இளைத்திருந்தார். "என்ன சார், என்னைய ஆயுசுக்கும் ஊசின்னீங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "அப்ப டோஸ் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று பாதி உண்மையைச் சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவருக்கு அந்த 9 உண்மையான ஆன்டிபாடியா, டெஸ்டின் கொசுறா என்பது ஒரே ரிப்போர்ட்டில் தெரியாது. உண்மையானதாக இருந்தால் கணையம் இனிமேல் மெதுவாக வற்றலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சி-பெப்டைட் பார்க்க வேண்டும். மதுரைக்கு ஒரு தடவை போனதோடு சரி, இப்போது மருந்துக்கடையிலேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறாராம். டெஸ்டுக்குத் தேதி தாண்டிவிட்டது. அவர் நம்பர் கிளினிக் ரிஜிஸ்டரில் இருக்கிறது. கூப்பிட்டால் முதலில் டெஸ்டைப் பற்றிச் சொல்வதா, டோஸைப் பற்றிச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்திவிட்டேன்.